பட்டறைப் பக்கம்: ஆயிலை மோந்து பாருங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது. போவதற்கு முன்னால் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த இதழ் அவர்களுக்கு. மற்றவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன். கோவையில் கியர்பாக்ஸ் பிரித்துக் கோர்க்கும் வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கையில் பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஏழு வருடமாக ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். டார்க் கன்வெர்ட்டர் வகை. 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர் ஆயில் மாற்ற வேண்டுமா என்று சர்வீஸில் கேட்டதற்கு, ‘லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்’ என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உடுமலைப்பேட்டை

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கள் ஐயா.

ஜெர்மனியில் இசட்எஃப் என்று ஒரு கம்பெனி. உலகத்தில் பல பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுப்பது அவர்கள்தான். அந்தப் பாக்ஸை வாங்கி மாட்டிக் கார் விற்கிறவர்களில் சிலர் ‘லைஃப்டைம் ஆயில்’ என்கிறார்கள். பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ, ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் 8 வருடத்துக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவர் பேச்சுக்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அதுவும் அவர்கள் ஊர்க் குளிரை வைத்துச் சொன்ன கணக்கு அல்ல என்று வைத்துக்கொண்டாலும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஏசி போட்டு, டிராஃபிக்கில் ஊர்ந்து போகிற வண்டிக்கு அதில் மேல் எல்லை வரை காத்திருக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பட்டறைக்கு வரும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளுக்கு 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அது. உங்கள் காரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ‘கடினமான உபயோகம்’ என்று தனியாக ஒரு அட்டவணை பெரும்பாலும் இருக்கும். வெயில், தூசி, மலை, நெரிசல் எல்லாம் அதில்தான் வரும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த அட்டவணைக்காரர்கள்தான்.

இந்த ஆயிலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்பீர்கள். இன்ஜின் ஆயிலுக்கு உயவும் சுத்தமும்தான் பிரதான வேலை. கியர்பாக்ஸில் இருக்கும் ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அதுதான் பெயர்) வண்டியையே நகர்த்துகிறது. இரண்டு விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுற்றினால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, டார்க் கன்வெர்ட்டரும் அப்படித்தான். காற்றுக்குப் பதில் ஆயில். அதே ஆயில்தான் உள்ளே வால்வ் பாடி வழியாகப் பிரிந்து போய் ஒவ்வொரு கியருக்கும் உரிய கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது. வால்வ் பாடியைப் பிரித்துக் கவிழ்த்து வைத்தால் வாய்க்காலும் வரப்புமாக ஒரு வயலை மேலிருந்து பார்க்கிற மாதிரியே இருக்கும். சோலனாய்டுகள்தான் மடை. எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். வாய்க்காலில் வண்டல் சேர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? அழுத்தம் குறைந்த கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூட்டில் ஆயில் இன்னும் கெடும்.

சூடுதான் முதல் எதிரி. சாதாரண ஓட்டத்தில் இந்த ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். அதற்கு மேல் 10 டிகிரி ஏறுகிற ஒவ்வொரு முறையும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஆயில் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு.

போன மாதம் பட்டறையில் ஒரு வண்டி. 95,000 ஓடியது, ஆயில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. அடியில் போல்ட்டைத் தளர்த்தியதும் வந்த ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறம். புதிதாக ஊற்றும்போது மாதுளைச் சாறு மாதிரி இருந்திருக்க வேண்டியது. ஒரு சொட்டைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் விட்டு மோந்து பார்த்தேன். கருகிய வாடை இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடியில் ஆயில் தேங்கும் தட்டான சேம்பரை இறக்கினோம். மூலைக்கு ஒன்றாக நாலு காந்தம். நாலிலும் மை மாதிரிச் சாம்பல் நிறக் களிம்பு, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தது. அது தேய்மானம், இயல்பு. நெருடினால்தான், ஊசி ஊசியாக மினுக்கினால்தான் பயப்பட வேண்டும். துடைத்தோம், ஃபில்டரும் பேக்கிங்கும் புதிது போட்டோம், ஆயில் ஊற்றினோம். வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்ப் போன் செய்தார்: “இரண்டாவதிலிருந்து மூன்றாவது போகும்போது ஒரு இடி இருக்குமே, அது இல்லைங்க.” அதே வண்டி இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் கருகிய வாடையோடுதான் வந்திருக்கும். அப்போது பில் சில ஆயிரத்தில் நிற்காது, லட்சத்தைத் தாண்டும்.

மாற்றும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். கையேட்டில் எந்தத் தரக்குறியீடு போட்டிருக்கிறதோ அதே ஆயில்தான். டெக்ஸ்ரான் கேட்கும் பாக்ஸுக்கு டெக்ஸ்ரான், எஸ்பி-4 கேட்டால் எஸ்பி-4. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று டின்னில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. கிளட்ச் தட்டு எவ்வளவு மெதுவாகக் கவ்வ வேண்டும், எவ்வளவு இறுக்கமாகக் கவ்வ வேண்டும் என்பதையே ஆயிலில் சேர்க்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. ஒரு காலத்தில் அதற்காகத் திமிங்கில எண்ணெயைச் சேர்த்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்ததும் மாற்றுப் பொருள் கண்டுபிடிக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கமான சமாச்சாரம் அது.

இரண்டாவது, அளவு. பல கார்களில் இப்போது டிப்ஸ்டிக் கிடையாது. வண்டி சமமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓடவேண்டும், ஆயில் கம்பெனி சொன்ன சூட்டில் இருக்கவேண்டும், அப்போது வழியும் துளையில் சொட்டுச் சொட்டாக வந்தால் அளவு சரி. கணினியை மாட்டி ஆயில் சூட்டைப் பார்க்காமல் ‘குத்துமதிப்பா நாலு லிட்டர்’ என்று ஊற்றுகிற இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். குறைந்தாலும் கெடுதல்; கூடினாலும் நுரைத்துப் போய்க் கெடுதல்.

மூன்றாவது, மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்வது. ஏழு லிட்டர் பிடிக்கிற பாக்ஸில் கீழே திறந்துவிட்டால் மூன்று, மூன்றரைதான் வரும். மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நின்றுவிடும். அதனால் மெஷின் வைத்து மொத்தமும் தள்ளிவிடலாம் என்பார்கள். 1,40,000 கிலோமீட்டர் ஆயில் பார்க்காத ஒரு வண்டிக்கு, பல வருடம் முன்னால், நானே அப்படிச் செய்தேன். பத்தாவது நாள் ரிவர்ஸ் எடுக்கவில்லை. எங்கேயோ ஒதுங்கிக் கிடந்த வண்டலைக் கிளப்பி வாய்க்காலுக்குள் அனுப்பிவிட்டேன் என்று பிரித்த பிறகு தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு என் செலவில் பாக்ஸைச் செய்து கொடுத்தேன். பணத்தை விட, அவர்கள் என்னை நம்பி வண்டியை விட்டார்களே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றிலிருந்து திறந்துவிட்டு நிரப்புவது மட்டும்தான். ஒரு தடவை மாற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடி ஒரு தடவை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஏஎம்டி கார் ஓட்டுகிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் மேம்பாலம் ஏறும்போது நெரிசலில் நிற்க வேண்டி வருகிறது. பின்னால் உருளாமல் இருக்க ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக அழுத்திப் பிடித்துக்கொள்வேன். சில நாளாகத் தீய்ந்த வாடை. 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.
— ஆசிரியை, கோவை

பதில்: டீச்சர், அந்த வாடை கிளட்ச் பிளேட். இன்றைக்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பிளேட் இன்னும் பிழைக்கும்.

ஏஎம்டிக்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோவில் முதன்முதலில் நம் நாட்டுக்கு வந்தது. விலை குறைவு, மைலேஜ் குறையாது. நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்ல வண்டி என்றுதான் நானும் சொல்லுவேன். ஆனால் உள்ளே கிளட்ச் பிளேட் இருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. மேனுவல் காரில் மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டுப் பிடித்தால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் திட்டியிருப்பார் அல்லவா? நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கும்போது உள்ளே அதுவேதான் நடக்கிறது.

மேட்டில் நின்றால் பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். நேரமாகும் என்று தெரிந்தால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து ‘என்’னில், அதாவது நியூட்ரலில், போடுங்கள், ஆக்சுவேட்டர் கிளட்சைப் பிரித்தே பிடித்துக்கொண்டிருக்கும் வேலையும் மிச்சம். கிளம்பும்போது ‘டி’ போட்டு, ஹேண்ட்பிரேக் இருக்கும்போதே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். காலியான ரோட்டில் நாலு தடவை பழகினால் வந்துவிடும். முன்வண்டி இரண்டடி நகர்ந்ததும் நீங்களும் இரண்டடி நகர வேண்டாம். இருபதடி இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சாக நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். பிளேட்டுக்குப் பணம் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

பல மாடல்களில் ஆக்சுவேட்டருக்கென்று ஒரு சின்ன டப்பாவில் தனி ஆயில் இருக்கும். சர்வீஸுக்கு விடும்போது அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் வேறு, இது வேறு.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது ‘டி’யிலேயே பிரேக்கை மிதித்திருக்கலாமா, ‘என்’னுக்கு மாற்ற வேண்டுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: டார்க் கன்வெர்ட்டர் என்றால் ‘டி’யிலேயே இருக்கலாம். ஒவ்வொரு சிக்னலுக்கும் ‘என்’, ‘டி’ என்று மாற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே ஒரு கிளட்ச் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுக் கவ்வ வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கிற ரயில்வே கேட் என்றால் ‘என்’னும் ஹேண்ட்பிரேக்கும் போடுங்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓடும்போது மட்டும் ‘என்’னில் போடாதீர்கள்.

கேள்வி: புது டிசிடி கார். சென்னை ஓஎம்ஆரில் தினமும் மாலை நெரிசல். இரண்டு தடவை ‘கியர்பாக்ஸ் சூடு’ என்று எச்சரிக்கை வந்துவிட்டது. தயாரிப்புக் கோளாறா?
— மென்பொருள் ஊழியர், சிறுசேரி

பதில்: பெரும்பாலும் இல்லை. டிசிடி என்றால் இரண்டு கிளட்ச் உள்ள கியர்பாக்ஸ். உங்களுடையது உலர் கிளட்ச் டிசிடியாக இருக்க வேண்டும். ஆயிலில் மூழ்காமல் காற்றில் ஆறுகிற கிளட்ச். பிரேக்கை முழுதாக மிதித்து நின்றால் கிளட்ச் பிரிந்திருக்கும், சூடே இல்லை. பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒன்று நில்லுங்கள், இல்லை நகருங்கள். நடுவில் இருக்க வேண்டாம். மேலே டீச்சருக்குச் சொன்ன இருபதடிக் கணக்கு உங்களுக்கும்தான். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி ‘பி’யில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே ஆறவிடுங்கள்.

வெயிலும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் இந்த வகைப் பாக்ஸ் பட்ட பாட்டுக்கு ஒரு சம்பவம் உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், ஏழு கியர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு அவர்கள் வைத்த பெயர்) பாக்ஸில் செயற்கை ஆயிலை எடுத்துவிட்டுக் கனிம ஆயில் போடுவதற்காக உலகம் முழுவதும் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த ஆயிலால் மின்சுற்றில் கோளாறு வரலாம் என்பதுதான் காரணம். அப்படி ஏதாவது அழைப்பு வந்தால், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தள்ளிப்போடாமல் கொண்டுபோய் விடுங்கள்.

கேள்வி: அண்ணை, 2013இல செய்த டொயோட்டா அக்வா ஹைபிரிட் வைச்சிருக்கிறன். வாகன இறக்குமதி நிண்டிருந்த காலத்தில வாங்கினதால குடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கராஜில ‘சிவிடி பெல்ட் தேய்ஞ்சிருக்கும், சிவிடி ஒயில் மாத்தவேணும்’ எண்டு சொல்லிச்சினம். இன்னொரு இடத்தில ‘ஹைபிரிட்டுக்குக் கியர் ஒயிலே தேவையில்லை’ எண்டினம். எதைச் செய்யிறது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதும் தவறு. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது என்பதால், அந்த ஐந்து வருடத்தில் வண்டி வாங்கினவர்கள் ஒவ்வொருவரும் தங்கம் மாதிரிக் காப்பாற்ற வேண்டிய நிலைமை எனக்குப் புரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிவிடி என்றால் இரண்டு புல்லியும் நடுவில் ஒரு பெல்ட்டும். புல்லி அகலும், குறுகும். கியர் மாறுவதே தெரியாமல் வேகம் ஏறும். நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி 1958-ல் ரப்பர் பெல்ட் போட்டு இப்படி ஒரு கார் காட்டியது. இப்போது வருபவை இரும்பு பெல்ட். அவற்றுக்கென்றே தனி ஆயில் உண்டு. அதில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் புல்லியில் வழுக்கிப் புல்லியே கோடு கோடாகிவிடும். உங்கள் வண்டியில் அந்த பெல்ட்டே கிடையாது. பெயரில் மட்டும் ‘ஈ-சிவிடி’. உள்ளே இருப்பது ஒரு பிளானட்டரி கியர்த் தொகுதியும் இரண்டு மின்மோட்டாரும். இன்ஜின் சக்தியையும் மோட்டார் சக்தியையும் பங்குபோட்டுத் தருவது அந்தக் கியர்தான். மிகவும் உறுதியான அமைப்பு. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் அடிக்கடி போகிற கிளட்ச் தட்டும் இதில் இல்லை.

ஆனால் ஒயில் இருக்கிறது. கியரை உயவு செய்வதோடு மோட்டாரையும் அதுதான் குளிர்விக்கிறது. டொயோட்டாவின் ஏடிஎஃப் டபிள்யூஎஸ் மட்டும் போடுங்கள். கன்வெர்ட்டர் இல்லாததால் கீழே திறந்தால் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். நாலு லிட்டர்கூட ஆகாது. நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மேலே இறுகிப்போய்க் கழலவில்லை என்றால் ஒயில் இல்லாமல் வண்டி ஜாக்கியில் நிற்கும். இறக்குமதியாகும் முன் ஜப்பானில் எத்தனை ஓடியது, ஒயில் மாற்றினார்களா என்று உறுதியாகத் தெரியாத வண்டி என்றால் இப்போதே ஒரு முறை மாற்றிவிட்டு, அந்தக் கிலோமீட்டரை டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

பின் சீட்டின் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் ஒன்று இருக்கும். அதில் பையைச் சாத்தி வைக்காதீர்கள், தூசி அடைந்தால் எடுத்துவிடுங்கள். கியர்பாக்ஸுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் உங்கள் வண்டியில் ஆகப் பெரிய செலவு அந்தப் பேட்டரிதான்.

கேள்வி: குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஏழு பேர், மேலே பெட்டிகள். ஏறும்போது நன்றாக இருந்த கார், இறங்கி ஆழியாறு வந்தபோது பிரேக் நாறியது. அதன்பின் கியர் மாறுவதே தாமதமாகிவிட்டது. முழுக்க ‘டி’யில்தான் ஓட்டினேன்.
— வியாபாரி, பொள்ளாச்சி

பதில்: வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த இறக்கம் முழுவதையும் ‘டி’யில் விட்டுப் பிரேக்கில் மட்டும் பிடித்திருக்கிறீர்கள். பிரேக் கருகியதற்கு அதுதான் காரணம். நாற்பதும் தாண்டி நீங்கள் பத்திரமாகக் கீழே வந்தீர்களே, அது பெரிய விஷயம்.

‘டி’யில் கம்ப்யூட்டர் எப்போதும் மேல் கியருக்குத்தான் ஆசைப்படும். ஏற்றத்தில் முழு பாரத்தோடு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே தத்தளித்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் கிளட்ச் தட்டு சூடாகும். ‘எல்’, ‘2’, அல்லது கையால் மாற்றும் ‘எம்’ என்று உங்கள் வண்டியில் ஏதாவது ஒன்று இருக்கும். ஏற்றத்தில் இரண்டிலோ மூன்றிலோ நிறுத்தி வையுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் அப்படியே பொருந்தும். இன்ஜின் சத்தம் கூடும். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, அது பிரேக் பிடித்துக் கொடுக்கிற சத்தம்.

நடுவழியில் கியர் தாமதமானால், அல்லது சூட்டு விளக்கு எரிந்தால், இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆயில் பம்பை ஓட்டுவது இன்ஜின். அணைத்தால் கொதிக்கிற ஆயில் கூலருக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். இடம் பார்த்து ஒதுங்கி, ‘பி’, ஹேண்ட்பிரேக், ஏசியை அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: ஆயிலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் கறுத்திருந்தால் மாற்றினால் போதும். தீய்ந்த வாடையும் அடியில் கறுப்புத் துகளும் இருந்தால் தட்டு போய்க்கொண்டிருக்கிறது. நாலைந்து மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்று விடாமல் இப்போதே பிரித்துவிடுங்கள். தட்டோடு முடிகிற வேலை அப்புறம் டிரம், வால்வ் பாடி என்று இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் ஆட்டோமேட்டிக் கார் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் கயிறு கட்டி நாலைந்து கிலோமீட்டர் இழுத்துப் போனார்கள். ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் போயிற்று. இப்போது வேறு ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கிறேன். இனி ஒரு மழை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
— இல்லத்தரசி, வேளச்சேரி

பதில்: அம்மா, உங்கள் வண்டிக்கு இரண்டு அடி விழுந்திருக்கிறது.

முதல் அடி தண்ணீர். கியர்பாக்ஸ் மூச்சுவிட மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் உள்ளே போய்விடும். ஏடிஎஃப்பும் தண்ணீரும் கலந்தால் ரோஸ்மில்க் மாதிரி ஆகும். கிளட்ச் தட்டில் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற ஒரு பொருள். தண்ணீரைக் குடித்து ஊறி, பசை விட்டு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உரியும். அதனால்தான் ஆறு மாதம் தாங்கியது. ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் அது உடைந்து கூலன்ட் கலந்தாலும் இதே ரோஸ்மில்க்தான், இதே கதிதான். வெள்ளமே பார்க்காத வண்டியிலும் இது நடக்கும்.

இரண்டாவது அடி கயிறு. இன்ஜின் ஓடாதபோது பம்பும் ஓடாது என்று பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னேனே, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே கியர்கள் ஆயில் இல்லாமல் வறட்டுக்குச் சுற்றும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற ஃப்ளாட்பெட் வண்டியைத்தான் கேளுங்கள். கிடைக்காவிட்டால், முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற ரெக்கவரி வண்டி. அன்றைக்குச் சென்னையில் ஊரே தவித்தபோது கயிற்றோடு வந்தவர்களும் உதவி செய்யத்தான் வந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘இது ஆட்டோமேட்டிக், கயிறு வேண்டாம்’ என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மழை எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதையும் மீறி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு, இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். தண்ணீரால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏற்படும் சேதத்துக்குத் தனியாக ஒரு ஆட்-ஆன் எடுக்க வேண்டியிருக்கும். அடுத்த புதுப்பிப்பில் அது இருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: காலையில் ‘டி’ போட்டதும் ‘டொக்’ என்று ஒரு இடி. ஸ்கேன் செய்யாமலே கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், திருச்சி

பதில்: இறக்க விடாதீர்கள். முதலில் பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள், எர்த் ஒயரைப் பாருங்கள், பிறகு இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பலவீனமானால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் குழம்பி ஒரே கியரில் நின்றுகொள்வதையும், ஒரு மவுண்டிங் கிழிந்ததற்குக் கியர்பாக்ஸே போய்விட்டது என்று எஸ்டிமேட் போட்டதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கு அப்புறம்தான் ஸ்கேன், அதற்கு அப்புறம் ஆயில். இறக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

கேள்வி: மகள் வேலைக்குப் போக ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் பார்க்கிறோம். வாங்குமுன் கியர்பாக்ஸை எப்படிச் சோதிப்பது? மகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?
— வங்கி ஊழியர், சேலம்

பதில்: முந்தின இரவே சொல்லிவைத்து, காலையில் குளிர்ந்த வண்டியைப் போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ‘பி’யிலிருந்து ‘ஆர்’, ‘ஆர்’ரிலிருந்து ‘டி’. லீவரைப் போட்டதும் ஒரு விநாடிக்குள் கவ்வ வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் யோசித்தால் வேண்டாம். ரோட்டில் நாற்பது, ஐம்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அரை மணி ஓட்டிச் சூடான பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் வழுக்குகிற பாக்ஸ்தான் அதிகம் ஏமாற்றும். கியர் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் வைத்திருப்பவரிடம் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம்.

மகளுக்கு முக்கியமாக ஒன்று. ரிவர்ஸ் எடுத்து முடிக்காமல், வண்டி உருளும்போதே ‘டி’க்குத் தள்ளக் கூடாது. முழுதாக நின்ற பிறகுதான்.

இன்னொன்று, மேட்டில் நிறுத்துவது. ‘பி’யில் வண்டியைப் பிடித்துக்கொள்வது கியர்பாக்ஸுக்குள் இருக்கிற விரல் தண்டிக் கொக்கி ஒன்று. டன் கணக்கான பாரத்தை அதன்மேல் சாய்த்துவிட்டுப் போகிறோம். மறுநாள் லீவரை எடுக்கும்போது ‘டங்’ என்று அதிர்வது அந்தக் கொக்கி விடுபடுகிற சத்தம். சேலத்தில் ஏற்காடு அடிவாரப் பக்கம் வீடு என்றால் இது தினமும் நடக்கும். பிரேக்கை மிதித்து நிறுத்தி, ‘என்’ போட்டு, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, காலை பிரேக்கிலிருந்து மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். வண்டி ஒரு விரற்கடை அசைந்து ஹேண்ட்பிரேக்கில் உட்காரும். உட்கார்ந்ததும் மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’.